எனக்கு கோவிட், பூரிக்குப் பட்டினி

2022 ஜனவரி 11-ம் தேதி மதியம் எனக்கு பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்தது. ஆதம்பாக்கத்தில் ஒரு படுக்கையறை வீடு, நானும் பூரியும்தான். பூரி நாலு வயது நாட்டுப் பூனை, கருத்தடை செய்தவள், எடை 3.8 கிலோ. மாநகராட்சியிலிருந்து போன் செய்து விவரம் கேட்டார்கள். ஏழு நாள் வீட்டுத் தனிமை, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்றார்கள். "வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டபோது "யாரும் இல்லை, நான் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். என் தப்பு அந்தப் பதிலிலேயே ஆரம்பித்துவிட்டது. அம்மாவைக்கூட ஊரிலிருந்து வர வேண்டாம் என்று தடுத்தவள், பூரியை மட்டும் அன்று ராத்திரி தலையணை மேலேயே படுக்க விட்டேன். இருமி இருமி முழித்தபோதெல்லாம் அவள் முகம் என் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது.

சென்னையில் இருப்பவளுக்கு இது தெரியாமல் போயிருக்கவே கூடாது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2021 ஜூனில், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்கு கோவிட் வந்தது. ஜூன் 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் செத்தது. மாதிரிகளை போபாலில் இருக்கும் விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், 11 சிங்கங்களில் 9-க்குத் தொற்று உறுதியானது. அதே மாதம் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் போனது. அந்தச் செய்தியைப் படித்து வருத்தப்பட்ட எனக்கு, சிங்கத்துக்கு வருவது அதே பூனைக் குடும்பத்தில் பிறந்த பூரிக்கும் வருமே என்று தோன்றவில்லை. இந்த வைரஸ் நம் உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏஸ்-2 என்ற புரதம் பூனைக்கும் கிட்டத்தட்ட நம்முடையது மாதிரிதான். பூனை, புலி, சிங்கம், கீரி மாதிரி இருக்கும் மிங்க், எலி மாதிரி இருக்கும் ஹாம்ஸ்டர் இவற்றுக்கெல்லாம் எளிதாகத் தொற்றும். நாய்க்கும் தொற்றும், ஆனால் பூனை அளவுக்கு அதன் உடம்பில் பெருகாது. வீட்டுப் பிராணிகளுக்கு வந்த கேஸ்களில் பெரும்பாலானவை மனிதரிடமிருந்து போனவை. வெளியே போகாத பூனைக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்க வீட்டில் இருக்கிற நாம்தான் உண்டு.

தனியாக இருக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: பாசிட்டிவ் என்று தெரிந்த அந்த ஒரு மணி நேரத்திலேயே பூனையை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் உடம்பு நன்றாக இருக்கிற இன்னொருவர் இருந்தால் சோறும், பூனை மலஜலம் கழிக்கும் மண் பெட்டியும் அவர் பொறுப்பு. யாருமே இல்லையென்றால் நாமேதான் செய்ய வேண்டும், ஆனால் செய்கிற விதம் வேறு. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூனைக்கு ஹாலை விட்டுவிடுங்கள். சோறு வைக்கப் போகும்போது மூக்கை நன்றாக மூடும் என்95 மாஸ்க், அதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுதல், ஜன்னல் இரண்டு பக்கமும் திறந்திருப்பது, தட்டை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவது, இவ்வளவு போதும். முத்தம், மடியில் வைத்துக்கொள்வது, நம் தட்டிலிருந்து ஊட்டுவது எல்லாம் பத்து நாளைக்கு வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் அது கத்தும். கத்துவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். பூனைக்கு மாஸ்க் போடாதீர்கள், மூச்சுத் திணறும். வெளியே உலாவப் போகிற பூனையாக இருந்தால் அந்த நாட்களில் வெளியே விடாதீர்கள், தெருப் பூனைகளுக்கும் பரவும்.

நான் இதில் எதையும் செய்யவில்லை. நான் செய்தது வேறு மூன்று காரியங்கள். நாளுக்கு இரண்டு வேளை நீலகிரித் தைலம் பத்துச் சொட்டு விட்டு, கதவை ஜன்னலைச் சாத்தி, ஆவி பிடித்தேன். பூரி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது, வைரஸ் பயத்தில் தரையைக் காலையும் மாலையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தேன். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருந்தது, நான் நாலு மூடி ஊற்றினேன். மூன்றாவது, அவள் தும்ம ஆரம்பித்தபின் மூன்று நாள் "என்னை மாதிரிதானே, தானா சரியாகிடும்" என்று இருந்துவிட்டேன்.

14-ம் தேதி பொங்கலன்று தும்மல். 15-ம் தேதி கண்ணில் தண்ணீர், மூக்கில் தெளிவான சளி, காலைச் சாப்பாட்டில் பாதி அப்படியே. இந்த அளவில் பயப்பட ஒன்றும் இல்லை. கோவிட் வந்த பூனைகளில் பெரும்பாலானவை இப்படித் தும்மிவிட்டு, ஓரிரு நாள் சோர்ந்து படுத்து, தானாகத் தேறிவிடுகின்றன. சிலவற்றுக்கு லேசான காய்ச்சல், வாந்தி, பேதி இருக்கும். ஆனால் 16-ம் தேதி காலை அவள் தட்டுப் பக்கமே வரவில்லை. வாயோரத்தில் எச்சில் நூலாக ஒழுகியது, முன்னங்கால் முழுக்க நனைந்திருந்தது. தட்டு பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள், நக்க நாக்கை நீட்டுவாள், உடனே தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்வாங்குவாள். பசிக்கிற பூனை அது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று காணும் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. ஆட்டோ இல்லை, நான் தனிமையில் இருக்கிறேன். போனில் பெரியம்மாவிடம் அழுதேன். "கால் மாத்திரை டோலோ பொடி பண்ணிக் குடும்மா, குழந்தைக்கே குடுக்கறோம்" என்றார்கள். மாத்திரையை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கூகிளில் தேடியதால் பூரி பிழைத்தாள். தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: டோலோவில் இருக்கிற பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கத் தேவையான நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. டோலோ 650-ல் கால் பங்கு என்றால் சுமார் 160 மில்லிகிராம், 3.8 கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைக்கு ஆபத்து வரலாம், முழு மாத்திரை ஒன்று உயிரையே எடுத்துவிடும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகும், ஈறு சேற்று நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே டாக்டரிடம் ஓடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. நமக்கு ஜுரத்தில் இதமாக இருக்கிற மற்றதெல்லாமும் அப்படித்தான். பூண்டு ரசமும் வெங்காயம் போட்ட சூப்பும் நாய் பூனை இரண்டுக்கும் ஆகாது, சிவப்பணுக்களைச் சிதைக்கும். தைலம், கற்பூரம், மார்பில் தேய்க்கும் களிம்பு எதுவும் பூனை இருக்கிற அறையில் வேண்டாம். ஆவியில் வரும் தைலம் ரோமத்தில் படியும், அது நக்கி விழுங்கும்.

17-ம் தேதி காலை பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தேன். எனக்கு கோவிட் என்றதும் "பூனையைக் கொண்டு வராதீங்க" என்று வைத்துவிட்டார்கள். அந்த நிமிடம் வந்த ஆத்திரத்தில், அடுத்த இடத்தில் சொல்லாமலேயே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் செய்யாதீர்கள். 2021 ஆகஸ்டில் தாய்லாந்தில் ஒரு கால்நடை மருத்துவர், தொற்றுள்ளவர்களின் பூனைக்கு ஸ்வாப் எடுக்கும்போது அது அவர் முகத்தில் தும்மி, அவருக்கு கோவிட் வந்தது. மாஸ்க்கும் கையுறையும் போட்டிருந்தார், கண்ணுக்கு மட்டும் மறைப்பு இல்லை. பூனையிடமிருந்து மனிதருக்கு வருவது மிக அரிது, ஆனால் பரிசோதிக்கிறவர் முகத்தைப் பூனைக்கு அருகில் கொண்டுபோகிறவர். முன்கூட்டியே சொன்னால் அவர் கண்ணாடி போட்டுக்கொள்வார், கடைசி ஆளாக நேரம் கொடுப்பார். நான் நான்காவதாக அழைத்த டாக்டர் அதைத்தான் செய்தார். மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார், வீடியோ காலில் என்னை இருக்கச் சொன்னார். கீழ்வீட்டுத் தம்பி மாஸ்க் போட்டுக்கொண்டு, நான் வாசலில் வைத்த கூடையை எடுத்து, பிராணிகளை ஏற்றும் வண்டியில் கொண்டு போனான். அவனுக்கு நான் பட்ட கடன் பெரிது.

வீடியோவில் டாக்டர் பூரியின் வாயைத் திறந்து காட்டினார். நாக்கின் நுனியிலும் இடது ஓரத்திலும் தோல் உரிந்து, பச்சை மிளகு அளவில் இரண்டு சிவப்புப் புண். அவர் கேட்ட முதல் கேள்வி, "எதைப் போட்டுத் தரை துடைக்கறீங்க?" பாட்டிலைக் காமிராவில் காட்டினேன். பென்சல்கோனியம் குளோரைடு என்று பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. பூனை அந்தத் தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அது நாக்கைப் பொசுக்கிவிட்டது. எச்சில் ஒழுகுவதும், காய்ச்சலும், சாப்பிடாததும் அதிலேயே வரும். பூனைகளுக்குச் சளி வரவைக்கும் காலிசி வைரஸிலும் நாக்கில் இப்படிப் புண் வரும், ஆனால் பூரிக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தது, புண்ணும் நக்குகிற இடத்தில்தான் இருந்தது. நுரையீரல் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. கோவிட் ஸ்வாப் எடுக்கவில்லை, எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றார். என் தேதிகளும் அவள் தும்மலும் சரியாகப் பொருந்துகின்றன, அதுவாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம் என்றார். பூரியைப் படுக்க வைத்தது வைரஸைவிட என் துடைப்பம் என்று கேட்டபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

தரை விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் பினாயில் இல்லாத வீடு கிடையாது. கறுப்பு பினாயில், வெள்ளை பினாயில், டெட்டால், வாசனைத் தரை திரவங்கள், இவற்றில் பல பூனைக்கு ஆகாதவை. பாரசிட்டமாலை முறிக்க முடியாத அதே ஈரல்தான் இவற்றில் இருக்கிற பினால் வகை ரசாயனங்களையும் முறிக்க முடியாமல் திணறுகிறது. கோவிட் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, சாதாரண சோப்புத் தண்ணீரே அதைக் கரைத்துவிடும். கிருமிநாசினி போட்டே ஆக வேண்டும் என்றால் பாட்டிலில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம், பூனையை வேறு அறையில் அடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெறும் தண்ணீரில் இரண்டாம் முறை துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் விடுங்கள். பூனை உடம்பில் சானிடைசரோ வேறு எதுவுமோ தடவக் கூடாது. பாதத்தில் ஏதாவது பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றுங்கள், அது நக்குவதற்கு முன்னால்.

அடுத்த ஆபத்து பட்டினி. பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலுக்குப் போய்ப் படிந்து ஈரலே கெட்டுப்போகும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். அதனால் 24 மணி நேரம் எதுவும் உள்ளே போகவில்லை என்றால் அதுவே டாக்டரிடம் போகக் காரணம். அன்று பூரி 3.4 கிலோ. தோலுக்கு அடியில் 150 மில்லி திரவம் ஏற்றி, வலிக்கும் இரண்டாம் நிலைத் தொற்றுக்கும் மருந்து எழுதி, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். தேறிவரும் பூனைகளுக்கென்று விற்கிற மெத்தென்ற டின் உணவு, ஒரு மில்லிக்கு சுமார் ஒரு கலோரி வருமாறு வெந்நீரில் கரைக்க வேண்டும். அவள் எடைக்கு நாளுக்கு 180 மில்லி. ஆனால் பட்டினி கிடந்த உடம்பில் முதல் நாளே அவ்வளவும் கொட்டக் கூடாது: முதல் நாள் 10 மில்லி வீதம் ஆறு வேளை, இரண்டாம் நாள் 20 வீதம், மூன்றாம் நாள் 30 வீதம். பூனையைத் துண்டில் சுற்றி, தலையை மேலே தூக்காமல் நேராக வைத்து, கோரைப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளி வழியாக ஒரு மில்லி விட்டு, விழுங்குவதைப் பார்த்தபின் அடுத்த மில்லி. அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும். முதல் வேளை 10 மில்லிக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, பாதி என் சட்டையில். தொற்றுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே 5 மில்லி தண்ணீர் ஊட்டுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக் குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும்.

மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு வெறும் ஆவியில், எந்தத் தைலமும் இல்லாமல், பத்து நிமிடம் கூடையோடு வைத்தால் சளி இளகும். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனில் பஞ்சை நனைத்து மூக்கையும் கண்ணையும் துடைக்கலாம். உணவை உள்ளங்கைச் சூட்டுக்குச் சூடாக்கிக் கொடுங்கள்.

வீட்டில் கண்காணிக்க மூன்று விஷயம் போதும். ஒன்று, தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது, 40-ஐத் தாண்டினால் உடனே போன் செய்யுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை எந்த நேரமானாலும் அவசர கேஸ். இரண்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை. மூன்று, மண் பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் எத்தனை என்று. காய்ச்சல் பார்ப்பதென்றால் 102.5 டிகிரி வரை பூனைக்குச் சாதாரணம், நம் கணக்கில் பார்த்துப் பயப்படாதீர்கள்.

18-ம் தேதி ஹாங்காங்கில் ஒரு கடையின் ஹாம்ஸ்டர்களுக்கு கோவிட் என்று சுமார் இரண்டாயிரம் சிறு பிராணிகளைக் கொல்லப் போகிற செய்தி வந்தது. எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப்பில் அது ஓடியது. பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்லி ஒருவர் எழுதினார். அந்தக் கட்டடத்தில் அப்போது ஆறு வீட்டில் கோவிட், அத்தனையும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது, பூரி ஒரு நாளும் வாசலைத் தாண்டியதில்லை என்று பதில் எழுதினேன். பயந்து தெருவில் விடப்பட்ட பூனைக்கு உயிர் மிஞ்சாது. உங்களுக்கு இப்படி நெருக்கடி வந்தால் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் குழுவில் போடுங்கள். நான் அதைத்தான் செய்தேன், அடங்கிவிட்டது.

செலவையும் சொல்கிறேன். முதல் நாள் டாக்டர், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, திரவம் எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். அடுத்த மூன்று நாள் திரவம் ஏற்ற 2,100. வண்டிக்கு மட்டும் நாலு நாளில் 4,100. மருந்து, சிரிஞ்ச், டின் உணவு 1,650. மொத்தம் 12,350. எனக்கு கோவிட் லீவு முடிந்த பிறகு மேலும் ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்பு, ஏனென்றால் மூன்று மணிக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். 15-ம் தேதியே போயிருந்தால் திரவமும் மூன்று நாள் அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவசரம் இல்லாத நிலையில், செலவுக்குத் தயங்குகிறவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போகலாம். காத்திருக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அலமாரியில் ஒரு பெட்டி தனியாக இருக்கிறது. 14 நாளைக்கான உலர் உணவு (நாளுக்கு 60 கிராம், 840 கிராம்), 5 கிலோ மண் பை, நாலு டின், இரண்டு 10 மில்லி சிரிஞ்ச், சலைன், பத்து மாஸ்க், தடுப்பூசிப் புத்தகத்தின் நகல். மூடிக்குள் ஒரு தாளில் டாக்டர் எண், வண்டி எண், கீழ்வீட்டுத் தம்பியின் எண், பூரி எவ்வளவு சாப்பிடுவாள், எங்கே ஒளிந்துகொள்வாள் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சாவி ஒன்று அவனிடம் இருக்கிறது.

23-ம் தேதி ஞாயிறு, மறுபடியும் முழு ஊரடங்கு. முந்தின நாள் வாங்கி வைத்த நெத்திலியை உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, சிரிஞ்சுக்காக மசித்துக்கொண்டிருந்தேன். பூரி சோபாவிலிருந்து இறங்கி வந்து என் கட்டைவிரலை நக்கினாள். நாக்கு பழையபடி சொரசொரவென்று இருந்தது. தட்டைக் கீழே வைத்தேன். ஆறு மீன் தானாகச் சாப்பிட்டாள்.